விடுதி தரும் பொழுது

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த பாதையைப் பாராட்டிப் பேசுவது மரபு. அப்பணியைத் தகுதி வாய்ந்த பெரியோர்கள் செவ்வனே செய்து முடித்திருக்கிறார்கள். நமக்கு அளிக்கப்பெற்ற பொருள், மாணவர் விடுதிகளில் தங்கிப் பயிலும் பதின்பருவ ஆண் பிள்ளைகளின் அன்றாட வாழ்வு என்பதாகும். பெண் பிள்ளைகளின் விடுதி வாழ்வு தனித்த கவனத்திற்குரியது. அதனைத் தனியே பேசுவதே முறை.

விடுதி என்றவுடன் சோறும் கூரையும் நம் நினைவிற்கு வருகின்றன. ஏழைப் பிள்ளைக்கு மூன்று வேளை உணவு கிடைக்கிறது, தங்க இடம் கிடைக்கிறது என்று சொல்லி நாம் அமைதி அடைந்துவிடுகிறோம். அவை இரண்டும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் விடுதி தரும் செல்வம் வேறொன்று உண்டு. அதுவே பொழுது. நம் முன்னோர்க்கு நிலம் இல்லை என்பதை நாம் பலகாலும் பேசியிருக்கிறோம்; அவர்களுக்குச் சொந்தமாகப் பொழுதும் இல்லை என்பதை அவ்வளவாகப் பேசியதில்லை. பண்ணையில் உழைத்தவனின் விடியலும் அந்தியும் ஆண்டையின் கையில் இருந்தன. அவன் மகன் மாடு மேய்த்தான். மகள் தம்பியைச் சுமந்தாள். தனக்கென ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஏட்டைப் பார்க்கும் உரிமை அந்த வீட்டில் எவர்க்கும் இல்லை. அந்த உரிமையை முதன்முதலாக நம் பிள்ளைகளுக்கு வழங்கிய இடம் மாணவர் விடுதி.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் இளமைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். பம்பாயின் பரேல் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில் அவர் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. பாத்திரம் பண்டங்களுக்கு இடையே படிக்க இடமில்லை, அமைதியும் இல்லை. தந்தையார் இராம்ஜி சக்பால் பின்னிரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அதன்பின் தாம் படுத்துக்கொள்வார். 1907இல் அவர் மெட்ரிக்குலேசன் தேர்வில் வெற்றி பெற்றதற்குப் பின்னால், தந்தை தம் உறக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தப் பொழுதும் இருக்கிறது.

முன்னோர் இட்ட அடித்தளம்

இந்த உண்மையை நம் தலைவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் தம் ஆட்சிப் பகுதியில் பல சமூகத்தவர்க்கும் மாணவர் விடுதிகளை நிறுவியபோது, 1908இல் தீண்டப்படாதோர் எனப்பட்ட பிள்ளைகளுக்கும் விடுதி தோன்றத் துணை நின்றார். நம் தமிழகத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் கண்டார். சேரிப் பிள்ளைகள் அங்கே உண்டு உறைந்து பயின்றனர். பெருந்தலைவர் எம்.சி.இராஜா அவர்களின் பெயரைச் சென்னை சைதாப்பேட்டையில் மாணவர் விடுதி ஒன்று தாங்கி நிற்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1924இல் தோற்றுவித்த பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் முதற்பணிகளுள் ஒன்று, 1925 சனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கியதாகும். அச்சபையின் சார்பில் மாணவர்கள் மாத இதழ் ஒன்றையும் நடத்தினர். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் வீட்டு இளைஞர்கள் சூதிலும் குடியிலும் மாலைப்பொழுதை இழந்துவிடாதிருக்க, அதே சபை நூலகமும் வளைகோல் பந்தாட்டக் குழுவும் அமைத்தது. பாடம், இதழ், விளையாட்டு, நூலகம் ஆகியவை இளைஞனின் பொழுதைக் காக்கும் வேலிகள் என்பதை அவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். நம் வட்டாரத்திற்கு அப்பாடம் இன்றும் பொருந்தும்.

நம் வட்டாரத்தின் நிலை

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தோன்றியது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி ஆகிய பகுதிகளின் மலையோரச் சிற்றூர்களிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளை, பேருந்தையும் யானைகள் நடமாடும் காட்டுப் பாதையையும் நம்பி வாழ வேண்டியவன். கடைசிப் பேருந்து போய்விட்டால் அவன் வீடு சேர்வதே அரிது. இத்தகைய பிள்ளைக்கு விடுதி இல்லையேல் எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது என்றே பொருள்.

மற்றொருபுறம், 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் எழுபதுகளிலேயே ஓசூரில் தொழில் வளாகத்தை உருவாக்கியது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும், அப்பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகார ஆலையும் இங்கே இயங்கத் தொடங்கின. சிற்றூராக இருந்த ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆயிற்று. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து பெங்களூர் வரை தொழிற்கூடங்களின் வரிசை. ஒருபுறம் மலை, மறுபுறம் ஆலை; இரண்டிற்கும் நடுவே நம் பிள்ளை நிற்கிறான்.

விடுதியில் கூடும் பிள்ளைகள் ஒரே வகையினர் அல்லர். தமிழ் பேசும் ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளை, தெலுங்கும் கன்னடமும் பேசும் அருந்ததியர், மாதிகா, ஆதி கர்நாடகர் வீட்டுப் பிள்ளை, இருளர் வீட்டுப் பிள்ளை, சிறு எண்ணிக்கையில் பிற வகுப்புப் பிள்ளை என அனைவரும் ஒரே கூடத்தில் பாய் விரிக்கிறார்கள். ஊரில் நமக்குள்ளேயே தனித்தெருவும் தனிக்கிணறும் இருந்த கொடுமையை மூத்தோர் அறிவர். ஒரே பந்தியில் அமர்ந்து, ஒரே அண்டாச் சோற்றை ஆறாண்டுகள் உண்டு வளர்ந்த பிள்ளைகளுக்குள் அந்த வேறுபாடு மீண்டும் முளைப்பது கடினம்.

விடுதியின் ஒரு நாள்

விடுதியின் நாள் விடியற்காலை ஐந்தரை மணியளவில் தொடங்குகிறது. ஓசூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். மார்கழி, தை மாதங்களில் தொட்டித் தண்ணீர் பனிக்கட்டி போல் இருக்கும். நல்ல போர்வை ஒன்று இல்லாத பிள்ளை இரவில் உறங்குவதில்லை. உறங்காத பிள்ளைக்குக் காலைப் படிப்பு ஏறுவதில்லை. ஒரு கம்பளி அப்பிள்ளையின் மதிப்பெண்ணோடு தொடர்புடையது என்பதைப் பொருள் வழங்கும் அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆறு மணிமுதல் ஏழரை வரை காலைப் படிப்பு. வாய்விட்டுப் படிப்பவனும் மனத்திற்குள் படிப்பவனும் ஒரே கூடத்தில் இருப்பதால் பூசல் எழும். நல்ல காப்பாளர் உள்ள விடுதியில் வாய்விட்டுப் படிப்போர்க்குத் தாழ்வாரத்தையும் மற்றவர்க்குக் கூடத்தையும் பிரித்துக் கொடுத்திருப்பார். இது சிறிய ஏற்பாடு. இதில் விளையும் நன்மை பெரிது.

அதன்பின் குளியல், காலை உணவு, பள்ளி. வீட்டில் கேழ்வரகுக் களியையே அறிந்த பிள்ளை விடுதியில் இட்லியும் பொங்கலும் உண்கிறான்; முட்டை கிடைக்கிறது; வாரத்தில் ஒருநாள் இறைச்சியும் உண்டு. பள்ளி மாணவர்க்கான உணவுப்படி 2023ஆம் ஆண்டில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. கணக்கிட்டால் நாள் ஒன்றுக்கு 47 ரூபாய்க்கும் குறைவே. வளரும் பருவத்துப் பையன் எவ்வளவு உண்பான் என்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள். அந்தத் தொகைக்குள் கணக்குப் பார்த்துச் சுவையாகச் சமைத்துப் போடும் சமையலரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அதே தொகையில் குழம்பைத் தண்ணீராக்கும் இடங்களும் உண்டு. அவற்றைக் கேள்வி கேட்கும் கடமையும் நமக்கே உரியது.

மாலை நான்கரைக்கு மேல் பிள்ளைகள் திரும்புகிறார்கள். சுண்டல், தேநீர், பின்னர் விளையாட்டு. கபடிக்கும் கைப்பந்திற்கும் பெரிய செலவு இல்லை. ஒரு திடல் போதும். திடல் இல்லாத விடுதியில் பிள்ளைகள் மாடிப் படிக்கட்டிலும் கடைத்தெருவிலும் நிற்கிறார்கள். கைப்பேசித் திரை எஞ்சிய நேரத்தை விழுங்குகிறது. மாலை நான்கரை முதல் ஆறரை வரையுள்ள இரண்டு மணி நேரத்தைச் செம்மையாக நடத்தும் விடுதியில், இரவுப் படிப்பு தானே செம்மையாகிறது என்பது நம் பட்டறிவு.

ஆறரை முதல் எட்டரை வரை இரவுப் படிப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் தடுமாறினால் அந்நேரத்தில் கேட்க ஆள் வேண்டும். வீட்டிலிருந்தால் கேட்க எவரும் இலர். விடுதியில் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் இருக்கிறான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் வேரூன்றிய விடுதியில் இருவருமே தேறுகிறார்கள். தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளை தமிழ்ப் பாடத்தைப் பிழையின்றி எழுதக் கற்பதும் பெரும்பாலும் இந்த அண்ணன்மார்களிடமே. இரவு உணவு, சிறிது நேரம் நாளிதழ் அல்லது தொலைக்காட்சி, பத்து மணிக்கு விளக்கணைப்பு. இவ்வாறு ஒரு நாள் முடிகிறது.

எளிய நாள்தான். ஆயினும் கூட்டிப் பாருங்கள். காலையில் ஒன்றரை மணி, மாலையில் இரண்டு மணி. ஆக மூன்றரை மணி நேரம் ஒரு பிள்ளை தனக்கென உட்கார்ந்து படிக்கிறான். ஆண்டில் 200 நாள் என்று கொண்டாலும் 700 மணி நேரம். நம் பாட்டனார் வாழ்நாள் முழுவதிலும் இந்த அளவுப் பொழுதைத் தமக்கெனப் பெற்றதில்லை.

தன்மானமும் துடைப்பமும்

விடுதி வேலைகளைப் பற்றித் தெளிவாக ஒன்று சொல்ல வேண்டும். தன் தட்டைத் தான் கழுவுவதும், தன் துணியைத் தான் துவைப்பதும், தான் படுக்கும் கூடத்தை முறை வைத்துப் பெருக்குவதும் நல்ல பழக்கங்கள். ஆண்பிள்ளை இவற்றைக் கற்பது அவன் தாய்க்கும் நாளைய மனைவிக்கும் செய்யும் நீதியுமாகும். ஆனால் கழிவறையைக் கழுவு, கழிவு நீர்த்தொட்டியை அள்ளு என்று பிள்ளைகளை ஏவுவது முற்றிலும் வேறு. தலைமுறை தலைமுறையாக எந்தத் தொழிலை நம்மீது பிறப்பைக் காட்டிச் சுமத்தினார்களோ, அதனையே படிக்க வந்த இடத்திலும் சுமத்துவது கல்வியின் பெயரால் நிகழும் தீண்டாமை. மனிதக் கழிவை மனிதன் அகற்றும் கொடுமையை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. அவ்வேலைக்குரிய பணியாளரையும் கருவியையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். பிள்ளைகளே, அத்தகைய ஏவல் வந்தால் பணிவோடு மறுத்துவிட்டு, பெற்றோரிடமும் நம் கழகத்திடமும் சொல்லுங்கள். சொன்ன பிள்ளைக்குத் துணை நிற்பது நம் பொறுப்பு.

விடுதிப் பெயரைச் சொல்ல நாணும் பிள்ளைகளும் உண்டு. வகுப்பில் எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டால், உறவினர் வீட்டில் என்று கூறிவிடுகிறார்கள். 2025 சூலையில் அரசு, துறைதோறும் வெவ்வேறு பெயர் தாங்கிய விடுதிகளைச் சமூக நீதி விடுதிகள் என்று அழைக்கப்போவதாக அறிவித்தது. பெயர் மாறியது நன்று. பெயர்ப் பலகைக்குக் கீழே ஒழுகும் கூரையும் கதவில்லாக் கழிவறையும் இருக்குமாயின் பிள்ளையின் நாணம் தீராது. நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து விடுதிப் பெயரைச் சொல்லும் வண்ணம் விடுதி இருக்க வேண்டும்.

ஆலை வாசல் அழைக்கும்போது

இனி, இவ்வுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். பதினாறு, பதினேழு வயதில் நம் பிள்ளையை ஆலை வாசல் அழைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருமண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறான். கையில் பணம் வருகிறது. கோடை விடுமுறையில் மாம்பழக் காலம். சந்தூர், பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கங்களில் தோப்பிலும் கூழ் ஆலையிலும் சுமை தூக்க ஆள் தேடுகிறார்கள். சூன் மாதம் பள்ளி திறக்கும்போது மாங்காய் வரத்து முடிந்திருப்பதில்லை. இன்னும் இரண்டு வாரம் என்று நிற்கும் பிள்ளை பின்னர் விடுதிக்குத் திரும்புவதில்லை. வேறு சிலர் கருங்கல் குவாரிக்கும், ஓசூர் ரோசாத் தோட்டங்களுக்கும், ஒப்பந்தக்காரர் வழியாகத் தொழிற்கூடங்களுக்கும் போய்விடுகிறார்கள்.

பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. தங்கையின் காதணி அடகுக் கடையில் இருக்கும்போது, மாதச் சம்பளம் என்ற சொல் அவனை இழுப்பது இயல்பு. ஆனால் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்தல் வேண்டும். 2016இல் திருத்தப்பெற்ற சட்டத்தின்படி 14 வயது நிறையாதோரைக் கூலி வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வயது வரை உள்ளோரைச் சுரங்கத்திலும் ஆபத்தான தொழிலிலும் ஈடுபடுத்துவதும் குற்றம். சட்டத்திற்குப் புறம்பாக வேலைக்கு வைத்தவன் பிள்ளையின் பெயரை ஒழுங்கான பதிவேட்டில் எழுதுவதில்லை. பெயர் இல்லாதவனுக்குக் காப்பீடும் இல்லை, வைப்பு நிதியும் இல்லை. கை நசுங்கினால் கேட்பாரும் இலர்.

எல்லைக்கு அப்பால், நமக்கு அண்மையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கோலார் தங்கவயலில் 1880களில் ஆழ்சுரங்கத் தொழில் பெருகியபோது வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் பெருந்திரளாகச் சென்றனர். பண்ணையை விட்டு வெளியேற அது வழியாயிற்று. அங்கே பண்டித அயோத்திதாசர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் தழைத்தன. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் அறிவுப் பணி நடந்தது. நூறாண்டுக்கு மேல் பொன் தந்த அச்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதன்பின் அவ்வூர் மக்களில் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலைத் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் நிலை வந்தது. சுரங்க வேலையை மட்டும் நம்பிய வீடு சுரங்கத்தோடு தளர்ந்தது. சுரங்கக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைத்த வீட்டிற்கு வேறு வழி திறந்திருந்தது. ஆலை வரும், போகும். அதன் சாவி நம்மிடம் இல்லை. கற்ற கல்வியை எந்த முதலாளியும் பூட்டிவிட இயலாது.

ஆலை வேலையே வேண்டா என்று நாம் கூறவில்லை. அந்த வாசலில் நம் பிள்ளை சுமைக்காரனாக நுழையாமல் தொழில் கற்றவனாக நுழைய வேண்டும் என்கிறோம். ஐ.டி.ஐ. சான்றிதழ், பாலிடெக்னிக் பட்டயம், பர்கூரில் 1994 முதல் இயங்கும் அரசு பொறியியல் கல்லூரியின் பட்டம் என ஏணிப்படிகள் நம் மாவட்டத்திலேயே உள்ளன. பட்டியல் வகுப்பு மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944இலேயே தொடங்கிய திட்டம். அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்பில் சேரும் ஆண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. ஏணியின் முதற்படி விடுதியில் இருக்கிறது. அந்தப் படியிலிருந்து பதினேழு வயதில் இறங்கிவிட்டவன் மீண்டும் ஏறுவது அரிது.

நாம் செய்ய வேண்டுவன

ஆகவே, இவ்வெள்ளி விழாவில் நம் கழகத்தவர் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு மாதமும் நம்மவர் இருவர் அருகிலுள்ள விடுதிக்குச் செல்லுதல் வேண்டும். பரிசோதனை செய்யும் அதிகாரம் நமக்கு இல்லை. ஆனால் காப்பாளரின் இசைவோடு பிள்ளைகளுடன் அமர்ந்து ஒருவேளை உண்ணலாம். அதன்பின் குழம்பு தண்ணீராவது குறையும்.

இரண்டு, படித்து வேலையிலுள்ள நம் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்க முன்வருதல் வேண்டும். ஞாயிறு வெறுமையாக இருப்பதால்தான் பிள்ளை பந்தி பரிமாறப் போகிறான்.

மூன்று, சூன் மாதத்தில் விடுதி திறந்த முதல் வாரமே வராத பிள்ளைகளின் பெயரைக் கேட்டறிந்து அவர்கள் வீட்டிற்குச் செல்லுதல் வேண்டும். முதல் வாரத்தில் சென்றால் பிள்ளையை அழைத்து வரலாம். ஆகஸ்டில் சென்றால் வருந்திவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

நான்கு, பிள்ளையின் பெயரில் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கும் வழக்கத்தைப் பெற்றோர் அறவே விடுதல் வேண்டும். கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. முன்பணம் என்ற பெயரில் அதனை நாமே வீட்டிற்குள் அழைத்து வருதல் ஆகாது. அவசரத் தேவைக்குக் கழகத்தின் உதவி நிதி ஒன்றை இவ்விழாவின் நினைவாகவே தொடங்கலாம்.

இளைஞர்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். விடுதியில் உங்களுக்கு அளிக்கப்படும் மணிக்கணக்கான பொழுது எவரோ இட்ட பிச்சை அன்று. உங்கள் பாட்டனும் பாட்டியும் வயலிலும் கல்லுடைப்பிலும் இழந்த பொழுதின் மிகச் சிறிய பகுதி, மிகத் தாமதமாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதனைப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை எவர்க்கும் விற்றுவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் வரும் தம்பிக்கு இரவுப் படிப்பில் அரைமணி நேரம் கொடுங்கள். அவன் தன் தம்பிக்குக் கொடுப்பான்.